காலி லாரியில் ஐம்பது கிலோ!

நாற்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது!

தம்பி அக்காவுக்குத் தரவேண்டிய கடன் அது.

காலை எட்டரைக்கு, பழைய இரும்புக் கிடங்கின் வாசலில், பத்துப் பேர் காதில் விழும்படி அக்கா அந்தத் தொகையைச் சொன்னாள்.

பகல் இரண்டு மணிக்கு... தம்பியைக் காணவில்லை!

அவளுக்கு அந்தக் கிடங்கில் எடை போடும் வேலை. லாரிகள் ஏறி நிற்க ஓர் இரும்புத் தளம். பக்கத்தில் கண்ணாடி அறை. அறைக்குள் அவளும், சிவப்பு எண்கள் எரியும் ஒரு பெட்டியும். டிரைவர்கள் வாயில் அவள் 'எடை அக்கா'.

தம்பி அங்கேயே சுமை தூக்குகிறவன். பட்டப்பெயர் ஒல்லி. வேலைக்கு வந்ததும் நேராகத் தளத்தில் ஏறி மூன்று குதி குதிப்பான். பெட்டியில் எண் மூன்று தடவை துள்ளும். அக்கா தலை நிமிராமலே கேட்பாள், “வந்துட்டியாடா?”

இன்று காலையும் குதித்தான்.

“எவ்ளோக்கா?”

“அம்பது. உடம்புல எலும்பு மட்டும்தான் இருக்கு.”

“எழுபதுன்னு ஒரு ரசீது போட்டுக் குடேன். அம்பது கிலோவுக்கு எவளும் கழுத்த நீட்ட மாட்டேங்கறா!”

“பொய் எடை போடற கை இல்ல இது. பைக் வாங்கக் குடுத்த காசு எங்கடா? நாப்பத்தோராயிரத்து அறுநூத்தம்பது! புள்ளைக்கு நாளைக்கு பீஸ் கட்டணும்.”

“மெதுவாக்கா... எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும்! ஒரு காசு குறையாம கொண்டு வா. அதுவரைக்கும் என் மூஞ்சில முழிக்காதே!”

சிரித்துக்கொண்டிருந்த முகம் சுருங்கிப் போயிற்று. தலையைக் குனிந்தபடி நடந்தான்.

இப்போது அதே கண்ணாடி அறைக்குள் இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால் முதலாளி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி.

“உன் தம்பி எங்கம்மா?”

“தெரியல சார். போன் ஆஃப்ல இருக்கு.”

“இருக்காதா பின்னே?” முதலாளி பாய்ந்தார். “ஆறு லட்சத்தோட ஓடினவன் அக்காவுக்குப் போன் போட்டு நலம் விசாரிப்பானா? என் கூட்டாளி காசு சார் அது! பணப்பெட்டியத் தொடச்சு எடுத்துட்டான். பத்து மணிக்குப் பின்பக்கச் சுவர் ஏறிக் குதிச்சதை என் கண்ணால பாத்தேன்!”

“கத்தலையா நீங்க?”

“மூச்சே வரல சார். நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்தவன்தான். ரூமை விட்டு வெளியவே வரல.”

“நாலு மணி நேரமா?”

“நெஞ்சு சார்... சொன்ன பேச்சு கேக்குமா?”

“என் தம்பி அடுத்தவன் காசைத் தொடமாட்டான்!” அவள் எழுந்துவிட்டாள்.

“காலைல நீதானேம்மா கடனைக் கேட்டு அவன் மானத்தை வாங்கினே? மானம் போனவன் எதையும் தொடுவான்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆணி மாதிரி இறங்கியது அந்த வார்த்தை.

அவள் கை மட்டும் பழக்கத்தில் ரசீதுக் கட்டைப் புரட்டியது. பத்து மணிக்குப் பிறகு வெளியே போனது ஒரே வண்டிதான். மீசை டிரைவரின் லாரி. இரும்பை இறக்கிவிட்டுக் காலியாகப் போனது. காலி எடை 4,820.

4,820...

இல்லை!

ரசீதைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

அந்த எண் அவள் கை எழுதியது. பெட்டி காட்டியது அல்ல!

பதினொன்றே காலுக்கு லாரி தளத்தில் ஏறியபோது பெட்டி 4,870 காட்டியது. அதுவும் ஓரிடத்தில் நிற்கவில்லை. துள்ளியது. ஓய்ந்தது. மறுபடி துள்ளியது.

“என்ஜினை அணைய்யா!” என்று கத்தினாள்.

“அணைச்சா மறுபடி தள்ளித்தான் எடுக்கணும்க்கா! நம்ம வண்டிதானே... பழைய எடையவே எழுதுங்க!”

எல்லா எடைமேடையிலும் நடப்பதுதான். தெரிந்த வண்டி, தெரிந்த காலி எடை. அவளுக்குத் தம்பி மேல் கோபம். அந்தக் கோபத்தில் பெட்டியை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். பழைய எடையை எழுதினாள். அனுப்பிவிட்டாள்.

இரும்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதை எழுதுகிற கைக்குத்தான் தெரியும்.

எண் எத்தனை தடவை துள்ளியது?

மூன்று!

ஓய்ந்து... மறுபடி மூன்று!

“சார்!” அலறினாள். “என் தம்பி அந்த லாரியில இருந்தான் சார்! வந்துட்டேன்க்கான்னு சொன்னான்... நான் பெட்டியக் குத்தினேன்!”

“நிதானமா சொல்லும்மா.”

மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். குதித்தது, துள்ளியது, ஐம்பது கிலோ கூடியது, எல்லாம்.

“ரசீதுல 4,820தானே இருக்கு?”

“பொய் எடை சார். நான்தான் எழுதினேன். வேலை போனாப் போகட்டும். ஜெயில்ல போடறதுன்னாலும் போடுங்க. அந்த லாரியை மட்டும் நிறுத்துங்க சார்!”

முதலாளி சிரித்தார். “நல்ல குடும்பம்! தம்பி திருடன், அக்கா பொய் எடைக்காரி. தார்ப்பாய் போட்டுக் கட்டின லாரிக்குள்ள யாரு இருக்கான்னு இவளுக்கு ஞானதிருஷ்டில தெரியுதாம்!”

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

“ரூமை விட்டு வெளியவே வரலேன்னீங்களே?”

“ஆ... ஆமா சார்.”

“இந்தம்மா தார்ப்பாயைப் பத்தி வாயே திறக்கல. உங்களுக்கு யார் சொன்னா?”

கைக்குட்டை தரையில் விழுந்தது.

“அதுவும் காலி லாரிக்குத் தார்ப்பாய்! ஏன், குளிருமா அதுக்கு?”

முதலாளி வாசலைப் பார்த்து ஓடினார். வாசலில் நின்ற கான்ஸ்டபிளுக்குத் தொப்பை பெரிது. மோதி விழுந்தார்.

வயர்லெஸ் அலறியது. இருபதே நிமிடம்! கல்குவாரிப் பாதையில், மர நிழலில் நின்றிருந்த லாரியை மடக்கினார்கள். மீசை டிரைவர் முதல் கேள்விக்கே எல்லாவற்றையும் கக்கினான்.

போனைக் காதிலிருந்து எடுத்தார் இன்ஸ்பெக்டர். அவளைப் பார்க்கவில்லை.

“சார்... உசிரோட...?”

அவர் தொப்பியைக் கழற்றினார்.

“முதலாளி ரூம்லயே கை காலைக் கட்டி வாயில துணிய அடைச்சிருக்கானுங்க. உன் தம்பி கட்டோடயே லாரில உடம்பைத் தூக்கித் தூக்கி அடிச்சிருக்கான். சாயங்காலம் குவாரி ஆளுங்க போனதும் குழியில தள்ளலாம்னு டிரைவர் காத்திருந்திருக்கான். அதுக்குள்ள மூச்சு முட்டி... ஒரு அரை மணி நேரம் முந்தியிருந்தா...”

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் எதுக்கு சார் அந்த ரூமுக்குப் போனான்?”

“முதலாளியும் டிரைவரும் கூட்டாளி பணத்தைச் சாக்குல கட்டிட்டு இருந்திருக்காங்க. அந்த நேரம் பாத்துக் கதவைத் திறந்திருக்கான். அட்வான்ஸ் கேக்க.”

“எவ்ளோ?”

அவர் தொப்பியைக் கையில் திருப்பினார்.

“எவ்ளோ சார்?”

“அறுநூத்தம்பது.”

பெட்டியில் சிவப்பாய்ப் பூஜ்யம் எரிந்துகொண்டிருந்தது.

“ஒன்பது மணிக்கே பைக்கை வித்திருக்கான்மா. நாப்பத்தோராயிரத்துக்கு. ஷூவுக்குள்ள ஒரு கவர்ல அப்படியே இருந்துச்சாம். மேல 'அக்காவுக்கு'ன்னு எழுதியிருக்காம்.”

ஒரு காசு குறையாமல் என்று சொன்ன வாய் அவளுடையது. அதை இப்போது இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

அடையாளம் காட்டுவதற்காக ஆம்புலன்ஸ் கிடங்குக்கே வந்தது. வாசலை அடைத்துக் கிடப்பது எடைத்தளம்தான். ஸ்ட்ரெச்சரைத் தளத்தின் மேல் வைத்துவிட்டு ஆட்கள் விலகி நின்றார்கள்.

பெட்டியில் எண் ஏறியது.

60.

ஸ்ட்ரெச்சர் பத்து. மீதி...

அவள் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துள்ளல். ஒரே ஒரு துள்ளல் போதும்!

எண் அசையவில்லை.

“அம்மா... உங்க தம்பிதானான்னு பாத்து...”

“என் தம்பிதான் சார். பாக்கவே வேணாம். பெட்டி சொல்லிடுச்சு.”

ரசீதுக் கட்டை எடுத்தாள். 'பாக்கி 650' என்று எழுதினாள். அதன் மேல் குறுக்காக ஒரு கோடு. தாள் கிழிகிற அளவுக்கு இன்னொரு கோடு. கீழே எழுதினாள்: 'கடன் தீர்ந்தது.'

அதற்கும் கீழே ஓர் எண்ணை எழுதி, தாளைக் கிழித்துக்கொண்டு தளத்துக்குப் போனாள். குனிந்து அவன் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். தாளை நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள்.

காதோரம் சொன்னாள்:

“எழுபது போட்டிருக்கேன்டா ஒல்லி... இனிமே உன்னை எவ வேணாம்பா!”