மூக்கன் பார்த்த பொருத்தம்

ஓடக்காட்டூரில் இப்போதெல்லாம் பெண் கேட்டு வருகிறவர்கள் ஜாதகம் கேட்பதில்லை. சாக்கடைச் சான்று கேட்கிறார்கள்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஊரில் பன்னிரண்டாயிரம் வீடு. ஒவ்வொரு வீட்டுக் கழிவும் தெருக்குழாயில் போய்ச் சேரும் இடத்தில் ஒரு சிறு குழி. அந்தக் குழிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கழிவறிமானி உட்கார்ந்திருக்கிறது. வீட்டிலிருந்து இறங்கி வருவதையெல்லாம் அது முகர்ந்து பார்க்கும். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொதிப்பு, யார் மருத்துவர் கொடுத்த மாத்திரையை விழுங்காமல் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள், வீட்டில் எத்தனை பேர் ஒரே இரத்தம் என்பதுவரை எழுதி, மாதாமாதம் வீட்டுக்குத் தரம் போட்டுவிடும். அரசாங்கப் பெயர்தான் கழிவறிமானி. ஊர் வைத்த பெயர் மூக்கன்.

கொண்டுவந்தவர் குடிநீர் வடிகால் நிலையத்தின் செயற்பொறியாளர் நாச்சிமுத்து. நோய் பரவும் முன்னே கண்டுபிடிக்கலாம், அடைப்பு வெடிக்கும் முன்னே பிடிக்கலாம் என்று நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார். நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? முதல் மாதமே ஒரு மாப்பிள்ளை வீட்டார் நிலையத்துச் சன்னலில் வந்து நின்று, "பொண்ணு ஊட்டுச் சான்று ஒரு நகல் வேணுமுங்க" என்றார்கள். ஆறு மாதத்தில் ஊரிலிருந்த இரண்டு ஜோசியர்களில் ஒருவர் வெளியூர் போனார். மற்றவர் நிலையத்திலேயே வாயிற்காவலராகச் சேர்ந்தார். நாச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்திலேயே 'பொருத்த மேசை' என்று ஒன்றைப் போட்டார்; இரண்டு வீட்டுச் சான்றையும் ஒப்பிட்டு மூக்கனே அங்கே வாய்விட்டுப் பொருத்தம் சொல்லும். சான்றில் தில்லுமுல்லு செய்கிற வீட்டுக்குப் பத்து வருடம் சான்றே கிடையாது, செய்தவர் நிலைய ஊழியரானால் வேலையும் கிடையாது என்று விதியும் தன் கையாலேயே எழுதினார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது என்பது இதுதான்.

ஏனென்றால் அவர் மகள் திகழினி, பின்சந்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஆதிரனைத் திருமணம் செய்துகொள்ள ஆசைப்பட்டாள். ஆதிரனின் அப்பா குப்பண்ணன் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். "மொதல் தரம் இல்லீன்னா பேச்சே இல்லீங்" என்று சொல்லிவிட்டார். நாச்சிமுத்து வீடோ நாலாம் தரம். காரணம் வேறு யாருமில்லை, நாச்சிமுத்துதான். வீட்டில் கம்பங்கூழைக் குடித்து ஏப்பம் விடுவார். அலுவலகம் விட்டு வரும் வழியில் நாலு புரோட்டா, ஒரு குடல் வறுவல். மூக்கன் ஒன்று விடாமல் எழுதிவிட்டது.

"அப்பா, நீங்க தின்ன புரோட்டாவுக்கு நான் கண்ணாலம் பண்ணாம உக்காந்திருக்கோணுமா?" என்று மகள் கேட்டபோது அவருக்கு உயிரே போய்விட்டது. அன்றைக்கே புரோட்டாவை விட்டார். நாலு நாள் தாக்குப்பிடித்தார். ஐந்தாம் நாள் குழாய் வேலை பார்க்கும் சின்னுவைக் கூப்பிட்டுவிட்டார்.

"வாயக் கட்டறதெல்லாம் நம்மளால ஆவுங்களா சார்? குழாயத் திருப்பிப் போட்டாப் போச்சு" என்றான் சின்னு.

பின்சந்தின் நடுவில் இருப்பது மயிலாத்தாள் வீடு. நிலையத்தின் அடைப்பெடுக்கும் வண்டியை ஓட்டுகிறவள் அவள். புருசன், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. களி, கீரை, நாள் முழுக்க உழைப்பு. பதினான்கு மாதமாக ஒரு புள்ளிகூடக் குறையாத முதல் தரம். அந்த வீட்டுக் கழிவு நாச்சிமுத்துவின் குழிக்கு வரவும், நாச்சிமுத்துவின் புரோட்டா பழைய மழைநீர்க் கால்வாய்க்குப் போகவும் ஒரே பகலில் ஏற்பாடாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து நாச்சிமுத்து வீடும் முதல் தரம். நாள் குறித்து, மண்டபமும் சொல்லியாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரு வீட்டாரும் சான்றோடு பொருத்த மேசை முன்னால் போய் உட்கார்ந்தார்கள். மூக்கன் இரண்டு சான்றையும் ஒப்பிட்டுவிட்டுத் தன் கட்டைக் குரலில் பேசியது.

"இரு வீடும் முதல் தரம். இரு வீட்டிலும் ஒரே இரத்தம். ஆகவே பெண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கை. மணம் தகாது. உறவை மறைத்த செய்தி மாலை நான்கு மணிக்குத் தலைமையகம் செல்லும்."

"அட கெரகமே!" என்றார் குப்பண்ணன். அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. திகழினி ஆதிரனைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து மயிலாத்தாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் சேறு படிந்த ஒரு சாக்குப்பை.

"சாருங்க, எங்கூட்டுக்குப் பதினெட்டு நாளாத் தண்ணி வல்லீங்க. சன்னல்ல கேட்டா, நாப்பது நாளா அந்த ஊட்டுலருந்து கழிவே வல்லீ, அங்க ஆளே இல்லீன்னு மூக்கன் சொல்லித் துண்டிச்சிருக்குதாம். அந்த உத்தரவுல உங்க கையெழுத்தும் இருக்குது. நானு ஆளு இல்லீங்களா?"

"அப்புறம் வாம்மா" என்றார் நாச்சிமுத்து.

"பொறவு என்னத்துக்குங்க? என்ர குழிய நானே தோண்டிப் பாத்துட்டனுங்க." சாக்கைக் கவிழ்த்தாள். மேசைமேல் இரண்டு துண்டுக் குழாய்கள் உருண்டன. "இது உங்கூட்டுக்குப் போவுது. இது இந்த வாத்தியாரய்யா ஊட்டுக்குப் போவுது."

அப்பாக்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"சம்பந்தி, நீங்களுமா?" என்றார் நாச்சிமுத்து.

"ஜிலேபிங்க" என்றார் உடற்பயிற்சி ஆசிரியர், தலையைக் குனிந்துகொண்டு. "தெனமும் எட்டு. சின்னுதான் வழி சொன்னான்."

மூக்கனுக்குக் காதும் உண்டு. "குழாய்த் தொடர்பு உறுதி. உறவு வீடுகள் குழாயைப் பகிரலாம்; மற்றவர் பகிர்ந்தால் திருட்டு. இது உறவா, திருட்டா? கழிவுக்கு உரிய வீட்டுத் தலைவர் கூறவும்" என்றது. மணி மூன்று நாற்பது.

மயிலாத்தாள் வீட்டில் தலைவர் மயிலாத்தாள்தான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நாச்சிமுத்துவுக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. பதினோரு வருடமாக அவர் வீட்டு அடைப்பையும் எடுத்தவள் அவள். அவளுக்கென்று ஒரு நீல நெகிழிக் குவளையைக் கொல்லைச் சுவர்மேல் கவிழ்த்து வைத்திருப்பார்கள்; உள்ளே வா என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"மயிலாத்தா, என்ர வேலை போகட்டும். திருட்டுன்னு சொன்னா இந்தப் புள்ளை கண்ணாலம் நின்னு போயிரும்" என்றார்.

"ஒறவுன்னு சொன்னா அண்ணந் தங்கச்சி ஆயிருதே, அப்பவும் நின்னுதானுங்க போவும்" என்றார் குப்பண்ணன்.

மயிலாத்தாள் திகழினியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மூக்கனிடம் திரும்பினாள்.

"ஒறவுதானுங்க. இவுரு என்ர கூடப்பொறந்த அண்ணன். அவுரு என்ர ஊட்டுக்காரருக்குப் பெரியப்பன் மவன்."

மூக்கனுக்கு இரத்தம்தான் தெரியும்; முறை தெரியாது. அதை வீட்டுத் தலைவர் சொல்லித்தான் அது தெரிந்துகொள்ளும். கொஞ்ச நேரம் முனகிக் கணக்குப் போட்டது.

"பெண், அண்ணன் மகள். மாப்பிள்ளை, கணவன் வழியில் மகன் முறை. ஆகவே மாமன் மகள், அத்தை மகன். மணம் மிக உத்தமம். மூவரும் கைரேகை வைக்கவும்."

திகழினி ஓடிவந்து மயிலாத்தாளைச் சேறோடு கட்டிக்கொண்டாள். குப்பண்ணன் ரேகை வைக்கப் போய், விரலைப் பாதியில் நிறுத்தினார்.

"பங்காளின்னு ஆயிப்போச்சு. அப்பறம் எங்க காட்டுல பங்கு கிங்கு கேக்க மாட்டீங்களே?"

"உங்க காட்டுல என்ன, ஜிலேபியா வெளையுது? வெய்யுங்க மாமா ரேகைய."

நாச்சிமுத்துவும் வைத்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "தண்ணிய இப்பவே தொறந்து உடச் சொல்றேன், நீ போம்மா" என்றார்.

அவள் போகவில்லை. "அண்ணா" என்றாள். பக்கத்து மேசைகளில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். "வர்ற பதினாறாந் தேதி புள்ளைக்குக் காது குத்து. எனக்குக் கூடப்பொறந்தவன் இல்லீன்னு ரண்டு வருசமாத் தள்ளிப் போட்டுட்டேன். மாமன் மடியிலதான உக்கார வெக்கோணும்?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் மூக்கன் பேசியது.

"பதிவு செய்யப்பட்டது. விதி பதினான்கு: கூறிய உறவின் கடமையைச் செய்யாதவரின் உறவு பொய்யெனக் கொள்ளப்படும்."

விதி பதினான்கை எழுதியது யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நாச்சிமுத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, தன் மடியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள்ளே எங்கேயோ ஓர் அடைப்பு விட்ட மாதிரியும் இருந்தது.

"புள்ளை பேரு என்னம்மா?" என்றார்.

"நல்லாக் கேட்டீங் போங்கண்ணா!" என்றாள் மயிலாத்தாள். "ரண்டு மாசமா எங்கூட்டுது அத்தனையும் உங்க குழிக்குத்தான வந்துட்டு இருந்துது. பேரு மட்டும் வந்து சேரலியாக்கும்?"