கேப்டனின் இரண்டாம் பாதி

அன்று மதியம் அந்த அறையில் இருந்தவர்கள்: முத்லக் சித்தப்பா, அவர் மகன் நாயிஃப், பக்கத்து வீட்டு ராக்கான், கூப்பிடாமலே நுழைந்த ஓர் ஆட்டுக்குட்டி. அப்புறம் ஹஸ்னா. ஹஸ்னா கடுங்கோபத்தில் இருந்தாள்.

சுவரில் பழைய போர்ப்படம் ஓடியது. அவர்களுடைய பாலைவனத்திலேயே எடுத்த படம். கேப்டன் ஒட்டகத்தில் பாய்ந்து வந்து கிணற்றை மீட்டான். இடைவேளை. வழக்கம்போல் சித்தப்பா படத்தை நிறுத்தினார்.

"மீதியையும் போடுங்க சித்தப்பா. தாத்தா அதுலதான் நடிச்சிருக்காராம்."

"ஆமா, கைதியா. சரணடைஞ்சவரைக் கேப்டன் சுட்டுடுவான். போதுமா?"

"பொய்!" என்று குதித்தான் நாயிஃப். "கேப்டன் அப்படிச் செய்ய மாட்டான்!"

"விளையாட்டுல நீ எப்பவும் கேப்டன், நான் எப்பவும் ஒட்டகம்" என்றாள் ஹஸ்னா. "யாரைச் சுமக்கறேன்னு ஒட்டகத்துக்குத் தெரிய வேணாமா?"

பேச்சை மாற்ற, சித்தப்பா எல்லோருக்கும் காபி ஊற்றினார். ஹஸ்னா கோப்பையை வாங்கினாள். குடிக்காமல் தரையில் வைத்தாள்.

எல்லோரும் அந்தக் கோப்பையையே பார்த்தார்கள். அவர்கள் வழக்கத்தில், விருந்தாளி அப்படி வைத்தால், ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று பொருள். கேட்டதைக் கொடுக்காமல் காபியை ஆறவிட்டால் வீட்டுக்காரருக்குத் தலைகுனிவு.

"எடுத்துக் குடிடி."

"மாட்டேன்."

"நீ என்ன விருந்தாளியா? தினமும் இங்கதான கெடக்குற!"

"காபி ஊத்துனது யாரு? அப்ப நான் விருந்தாளிதான்."

"மாமா, காபி ஆறுது" என்றான் ராக்கான்.

சித்தப்பாவின் முகம் சிவந்தது. "பாருங்க! நல்லா பாருங்க!" பொத்தானை அழுத்திவிட்டு வெளியே போனார். ஹஸ்னா காபியை ஒரே மடக்கில் குடித்தாள்.

படத்தில் தாத்தா வந்தார். மீசைகூட முளைக்காத வயது. கைகளைத் தூக்கியபடி நின்றார். கேப்டன் சுட்டான்.

நாயிஃப் தலையணையைச் சுவரில் எறிந்தான். "துரோகி!"

படத்தில் கேப்டன் தனியாக உட்கார்ந்து, மணலை அள்ளி அள்ளிக் கைகளைத் தேய்த்தான். கிணற்றை மீட்ட அதே கைகள். ஹஸ்னாவுக்குக் கோபம் தீரவில்லை. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

"இவன் நல்லவனா, கெட்டவனா?" என்றான் நாயிஃப்.

"தெரியல. பேசாம பாரு."

கதவு லேசாகத் திறந்தது. இடுக்கில் சித்தப்பாவின் ஒரு கண் தெரிந்தது.

"அப்புறம் என்ன செய்யறான்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"சின்ன வயசுல அந்தத் துப்பாக்கிச் சத்தத்துலயே எழுந்து ஓடிட்டேன். அதுக்கு மேல பார்த்ததில்ல. அவர் என் அப்பா இல்லையா?"

ஹஸ்னா தன் பக்கத்தில் இருந்த ஆட்டுக்குட்டியைத் தள்ளி இடம் பண்ணினாள்.

"உள்ள வாங்க. அவன் அழறான்."

சித்தப்பா வந்து உட்கார்ந்தார். ஹஸ்னா எழுந்து கதவருகே போனாள்.

"முடியற வரைக்கும் யாரும் ஓடக் கூடாது" என்று சொல்லி, கதவைச் சாத்தி உள்பக்கமாகப் பூட்டினாள்.