இரண்டாவது பாய்

பிள்ளை பெற்றவள் தின்பதற்கான மருந்தை அஞ்சம்மாள் இரண்டு சட்டிகளில் கிளறி வைத்திருந்தாள். சுக்கும் மிளகும் திப்பிலியும் ஓமமும் இடித்து, வெல்லப்பாகில் போட்டு, நல்லெண்ணெய் விட்டுக் கிளறிய கறுத்த மருந்து. ஒருத்திக்கு ஒரு சட்டியே ஒரு மாதத்துக்குக் காணும். அடுப்படியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த சட்டிகளைப் பார்த்ததும் தையல்நாயகிக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"இன்னாம்மா ரெண்டு சட்டி? ரெட்டைப் புள்ளைன்னு மருத்துவச்சி சொல்லிட்டாளா?"

"ரெட்டைப் புள்ளை பொறந்தா மருந்தையும் ரெட்டையாவா திம்பாங்க? பெத்தவ ஒருத்திதான..." என்று ஆரம்பித்த அம்மா சட்டென்று நிறுத்திக்கொண்டாள். மகளின் முகத்தைப் பார்க்காமல் கரண்டியை வழித்துச் சட்டி விளிம்பில் தட்டினாள்.

பெற்ற தாயைச் சந்தேகப்பட எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? தையல்நாயகியும் அதை அப்போதே மறந்துவிட்டாள். ஆனால் பிடிபடாத இன்னொன்றும் இருந்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவதுதான் வழக்கம். வளையல் அடுக்கிய கையோடு திண்டிவனத்துக்குப் பக்கத்திலிருக்கும் பெருமுக்கல் போய், அண்ணன் சீனுவாசன் வீட்டில் மல்லாட்டைக் கடலை கொறித்துக்கொண்டு காலை நீட்டி உட்காரலாம் என்று அவள் ஏழு மாதமாக ஆசைப்பட்டிருந்தாள். அம்மாவோ அழைத்துப்போக வரவில்லை. தகரப் பெட்டியும் தானுமாக விழுப்புரத்துக்கே வந்து இறங்கிவிட்டாள். "டவுன்னா ஆஸ்பத்திரி கிட்ட, கண்ணு" என்றாள். ஆனால் ஆஸ்பத்திரிப் பேச்சே வீட்டில் எழவில்லை. மருத்துவச்சிக்குத்தான் சொல்லி வைத்திருந்தார்கள்.

அது ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஆவணி. தையல்நாயகியின் புருஷன் விருத்தாசலம் விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். வீடு லோகோ ஷெட்டுக்குப் பின்னால். பகல் முழுக்க எஞ்சின்கள் பெட்டிகளைத் தள்ளி இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கொடியில் போட்ட துணியிலும், தண்ணீர்ப் பானையின் மூடியிலும், சில நாள் சோற்றிலும்கூடக் கரித்தூள் படிந்திருக்கும். மாமியார் வெள்ளையம்மாள் மட்டும் பின்கட்டு அறைக்குள் ஒரு பொட்டுக் கரி விழ விடவில்லை. பழைய மூட்டை முடிச்சுகளையெல்லாம் ஒழித்து, சாணம் போட்டு மெழுகி, வாசற்படியில் வேப்பிலை செருகி, பிரசவத்துக்கு அந்த அறையைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

தையல்நாயகி ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்தாள். கிழித்து மடித்த பழைய வேட்டித் துணி ஒரு அடுக்கு, பிள்ளைக்கு. வசம்பு வளையல் ஒரு ஜோடி, பிள்ளைக்கு. உத்தரத்தில் தூளி கட்ட ஒரு கயிறு. ஆனால் பாய் இரண்டு விரித்திருந்தது. தலைக்கு மணை இரண்டு. பிள்ளை பெற்ற வயிற்றை இறுக்கிக் கட்டுகிற நீளத் துணியும் இரண்டு. பிள்ளை ஒன்றுதான், பெறுகிறவள் இரண்டு பேர் என்பது போல இருந்தது அந்த ஏற்பாடு.

"ஒண்ணு நனைஞ்சா ஒண்ணு வோணாமா?" என்றாள் மாமியார், கேட்பதற்கு முன்னாலேயே.

நியாயமான பதில்தான். ஆனாலும் அந்த இரண்டாவது பாயின் பக்கம் போனபோது வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. உதைக்கவில்லை, புரண்டது, பாய் இருந்த பக்கமாகப் புரண்டு, வயிறு முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்து நின்றது. தையல்நாயகி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் அது தன் இடத்துக்குத் திரும்பியது.

அதற்குப் பிறகு அவள் கண் தானாகவே அந்த அறைக்குள் போனது. அங்கே கொண்டுவந்து வைத்த இரண்டாவது சட்டியில் மருந்து தினம் குறைந்துகொண்டு வந்தது. மூன்று விரலால் தோண்டி எடுத்த பள்ளம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஆழமாக இருந்தது. மத்தியானத்தில் ஒருமுறை குனிந்து இரண்டாவது பாயைத் தொட்டாள். யாரோ இப்போதுதான் எழுந்துபோன சூடு அதில் இருந்தது. தாய்ப்பால் வாசனையும் இருந்தது, கொஞ்சம் புளித்த, பச்சை வாசனை. அவளுக்கு இன்னும் பால் சுரக்கவே ஆரம்பிக்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்தவளை அம்மாவின் குரல் எழுப்பியது. காய்ச்சல் வந்தால், கால் வலித்தால், அம்மா அவளிடம் மட்டும் பேசுகிற அந்தத் தணிந்த குரல். ஆனால் அது பின்கட்டிலிருந்து வந்தது.

"காலை நீட்டிக்க, கண்ணு. இன்னம் பத்து நாளுதான். பொறுத்துக்க."

கதவு ஒருக்களித்திருந்தது. அஞ்சம்மாள் இரண்டாவது பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, எண்ணெய் பூசிய கையால் யாருக்கோ கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பாயில் யாரும் இல்லை. அம்மாவின் கைகள் பாய்க்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், முழங்காலிலிருந்து பாதம் வரை அழுத்திக்கொண்டு போயின. சும்மா பாவனை பண்ணுகிற கை அப்படி இருக்காது. எதையோ அழுத்துகிற கை. விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

"யாரும்மா அது?"

அஞ்சம்மாள் திடுக்கிடவில்லை. ஒருநாள் கேட்பாள் என்று தெரிந்தவள் மாதிரி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்துவந்து, கதவைச் சாத்தினாள்.

"வடிவு. ஒன் வூட்டுக்காரருக்கு மொதல்ல வாக்கப்பட்டவ. இந்த ரூம்புலதான் வலி எடுத்து மூணு நாளு கெடந்தா. புள்ளை வெளிய வராமலே பூட்டா."

வடிவு என்ற பெயர் தையல்நாயகிக்குத் தெரியும். இந்த வீட்டுப் பூவாடைக்காரி. அகாலமாய்ப் போன வீட்டுப் பெண்ணைத்தான் அப்படிச் சொல்லிக் கும்பிடுவார்கள். எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால் குளத்தங்கரையில் பம்பை அடித்து அவளை அழைக்க வேண்டும்; தண்ணீரில் விட்ட செம்பு கரைக்கு வந்தால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம்; வீட்டுக்கு எடுத்துவந்து புதுப்புடவை வைத்துப் படைப்பார்கள். கல்யாணத்தின்போது, அந்த வடிவு விருத்தாசலத்துக்கு அத்தை முறை என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மாவும் சொன்னாள்.

"ஒங்க கண்ணாலத்துக்கு மொத நாளு செம்பு நடுக்கொளத்துல நின்னுக்கினு நவுரவே இல்ல. பொடவை எடுத்து வெக்கறேன்னா ஒன் மாமியா. கெடா வெட்டறேன்னா. நவுரல. பொறக்கற மொதப் புள்ளை ஒனக்கேன்னா. ஒடனே கரைக்கு வந்திடிச்சி."

"நீ சும்மாவா நின்னுக்கினு இருந்த?"

"பொண்ணு வூடும் சத்தியம் பண்ணணும்னாங்க. பண்ணேன்." அம்மாவின் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "இல்லன்னா ஒன்னத் தூக்கிக்கினு பூடுவா. எனக்கு நீ வோணும், கண்ணு. புள்ளை இன்னொண்ணு பொறக்கும்."

இதைவிட அம்மா அவளை அடித்துப் போட்டிருக்கலாம். பத்து மாதம் சுமக்கிறவள் இவள். கைநீட்டிக் கொடுத்தவள் அவள். அதையும் பாசம் என்றே சொல்கிறாள். தையல்நாயகி வயிற்றை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, புருஷன் வரும்வரை தெருவாசலில் உட்கார்ந்திருந்தாள்.

விருத்தாசலம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். வடிவைப் பற்றி ஏன் மறைத்தாய் என்று அழுதபோது, "சொன்னா நீ என்னைக் கட்டிக்கினு இருப்பியா?" என்றான். அந்த ஒரு சொல்லில் அவள் அவனை மன்னித்தும்விட்டாள். மன்னிக்க வேறு ஆள் மிச்சம் இல்லையே.

"ரெண்டு கெழவிங்களுக்கும் புத்தி பேதலிச்சிப் போச்சி," என்றான் அவன் மெதுவாக. "நாளைக்கு மத்தியான பாசஞ்சர்ல திண்டிவனம் கூட்டிக்கினு போயி ஒங்க அண்ணங்கிட்ட வுட்டுட்டு வர்றேன். யாராண்டயும் மூச்சு வுடாத."

மறுநாள் ஜங்ஷனில் அவளை நிழலான பெஞ்சில் உட்கார வைத்தான். இடுப்பில் லேசாக வலி வந்து வந்து போனது. பொருட்படுத்தவில்லை அவள். வயிற்றைத் தடவி, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம் என்று பிள்ளைக்கு ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளையும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"டிக்கெட் எடுத்துக்கினு ஜல்தியா வந்துடறேன்" என்று அவன் போனான்.

பாசஞ்சர் வந்து நின்றது. ஜனங்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவனைக் காணோம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ரயில்வேக்காரன் பெண்டாட்டிக்குப் பாஸ் உண்டு. காலையில் அவன் சட்டைப்பையில் அதை வைத்தவளே அவள்தான். டிக்கெட் எதற்கு?

எழுந்தாள். வலி இடுப்பைப் பிடித்துத் திருகியது. தள்ளாடிப் போய்ப் பெட்டியின் கம்பியைப் பிடித்தாள். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். பின்னாலிருந்து ஒரு கை தோளைப் பற்றியது. எஞ்சின் எண்ணெய் வாசனை. அவன் கைதான்.

"வோணாம், தையலு. வா."

அவன் பின்னால் அம்மா. அம்மாவுக்குப் பின்னால் மாமியார். விசில் ஊதியது. கம்பி அவள் விரலிலிருந்து நழுவியது. ரயில் போய்விட்டது.

வெளியே ஜட்கா வண்டி காத்திருந்தது. குதிரை கண்ணை உருட்டிக்கொண்டு பின்வாங்கியது. அவளை ஏற்றிவிட்டு அஞ்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளி ஒக்காரு, கண்ணு. அவளுக்கும் எடம் வுடு."

ஆள் இல்லாத பக்கம் வண்டி ஒருமுறை கீழே அழுந்தியது.

பின்கட்டு அறை. வெளியே நல்ல வெயில். ஷெட்டில் பெட்டிகள் இடிபடும் சத்தம். அவளை முதல் பாயில் கிடத்தினார்கள். மருத்துவச்சி வந்தாள். அவளும் விஷயம் தெரிந்தவள்தான், இரண்டு பாய்க்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

வலி வந்தது. தையல்நாயகி கத்தினாள். அந்தக் கத்தல் முடிந்த இடத்தில் பக்கத்துப் பாயிலிருந்து இன்னொரு கத்தல் எழுந்தது. அடுத்த வலி. ஒரு மூச்சுப் பின்னால், அதே குரல். அடுத்தது. இரண்டும் ஒன்றாக.

"முக்கு, தாயி, முக்கு" என்றாள் மாமியார். யாரைச் சொன்னாள்?

"அம்மா, என் கையப் புடிச்சிக்க. அம்மா!"

அஞ்சம்மாள் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். இவள் கையை அல்ல.

அப்புறம் பக்கத்துக் குரல் முந்தியது. முதலில் அது கத்தியது. பிறகு இவளுக்கு வலித்தது. வலி குறைந்துகொண்டே வந்தது. குறையக் கூடாது என்று தையல்நாயகிக்குத் தெரிந்தது. வலியை விட்டால் பிள்ளையை விட்டதுபோல. பல்லைக் கடித்தாள். முக்கினாள். முக்க எதுவும் இல்லை. கடைசி வலி அவளுக்கு வரவே இல்லை. வயிறு சத்தமில்லாமல் தளர்ந்து மடிந்தது. பக்கத்துப் பாய் வீறிட்டது.

பிள்ளை அழுதது.

மருத்துவச்சி அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். "பொம்பளப் புள்ளை" என்றாள், அந்தப் பாயைப் பார்த்து.

விருத்தாசலம் வாசற்படியில் வந்து நின்றான். அவன் பார்வை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "வடிவு" என்றான். அவன் முகமெல்லாம் சந்தோஷம்.

அஞ்சம்மாள் முந்தானையால் காற்றில் ஒரு நெற்றியைத் துடைத்துவிட்டாள். ஒரு தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். இரண்டாவது சட்டியிலிருந்து மருந்தை உருட்டி நீட்டினாள். உருண்டை விரலிலிருந்து போய்விட்டது.

"நல்லா பெத்துட்ட, கண்ணு. நல்லா பெத்துட்ட."

"அம்மா," என்றாள் தையல்நாயகி. குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

அஞ்சம்மாள் லேசாகத் திரும்பினாள். யாரோ என்று பார்க்கிற பார்வை. மாமியாரிடம் சொன்னாள்: "இந்தப் பொண்ணுக்கும் ஒரு வாய் வெந்நி குடுங்க."

தையல்நாயகி தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிள்ளை பாயில் இல்லை. பாய்க்கு ஒரு முழம் மேலே, சாய்ந்து, கண்ணை மூடிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. தாடை அசைந்தது. கடைவாயில் பால் வழிந்தது. பிறகு குடிப்பது நின்றது. பிள்ளையின் தலையை ஏதோ ஒன்று தாங்கிப் பிடித்து, மெல்ல, இவள் பக்கமாகத் திருப்பியது.

வந்தவர்களுக்குப் பிள்ளையைக் காட்டுவார்களே, அப்படி.

சின்ன மணிக்கட்டில் இரண்டு விரல் அழுந்திய பள்ளம் விழுந்தது. பிள்ளையின் கை உயர்ந்து, வழியனுப்புவதுபோல, தையல்நாயகியைப் பார்த்து, மேலும் கீழும், மேலும் கீழும் ஆடியது.