சேராத சாவி

"ஆன்ட்டி, என் பாஸ்போர்ட்டைக் காணோம்."

தலைக்குச் சாயம் அடித்த மறுநாளே ஆன்ட்டி என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் எதிரே நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் மேசைக்காரியின் கோபம் வந்த வழியே போய்விட்டது. அந்த மலிவு விலை விடுதியின் வரவேற்பு மேசை அவளுடையது. தங்க வருகிறவர்களின் பெயர்கள் மனதில் தங்குவதில்லை என்பதால் அவளே ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வாள். இவள் பச்சைப்பை. தன் தலைக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்த பச்சைப் பையைச் சுமந்தபடி போன வாரம் வந்தவள். இன்று மதியம் விமானம்.

"பையில நல்லாப் பார்த்தியா?"

"கொட்டிக் கவிழ்த்துட்டேன். லாக்கர்லதான் வச்சிருந்தேன். பூட்டு பூட்டினபடியே இருக்கு, சாவி என் கழுத்துல இருக்கு. உள்ள பணம்கூட அப்படியே இருக்கு. பாஸ்போர்ட் மட்டும் இல்ல." குரல் உடைந்தது. "நாளைக்கு எங்க அக்காவுக்கு ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுக்கறாங்க. அத்தான் கப்பல்ல இருக்கார். என்னை விட்டா அவளுக்கு யாருமில்ல, ஆன்ட்டி."

மேசைக்காரி எழுந்தாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் எங்கோ ஒரு விளக்கும் எரிந்ததை அவள் மறைத்துக்கொண்டாள். மூணாம் மாடியைக் கூப்பிட ஒரு காரணம் கிடைத்துவிட்டதே!

மூணாம் மாடி என்பது விடுதியின் ஒரே தனியறையில் மாத வாடகைக்கு இருந்த பெண். காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. எரிந்த கடைகளையும் தொலைந்த நகைகளையும் நேரில் பார்த்து, இழப்பீடு கேட்பவர் சொல்வது நிஜமா என்று எழுதித் தருவாள். மேசைக்காரியைவிடப் பத்து வயது சின்னவள், பேச்சும் அதற்கேற்பக் கொஞ்சம். விடுமுறை நாட்களில் மேசைக்காரி டீயோடு மேலே ஏறிப்போய் அந்தக் கதைகளைப் பிடுங்கிக் கேட்பாள். வீட்டுக்குப் போனால் டிவியைத் தவிர அவளோடு பேச வேறு யார்?

"பூட்டை யாரும் தொடலையே?" மூணாம் மாடி கேட்டது அவ்வளவுதான்.

பெண்கள் அறையில் ஆறு படுக்கைகள், மேலும் கீழுமாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. இழுத்துவிட்டால் அதுதான் வீடு. இப்போது ஆள் இருந்தவை மூன்றே. பச்சைப்பை மேல்தட்டில். அவளுக்குக் கீழே டீச்சர், வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் ஊராகத் தனியே சுற்றுகிறவர், இரண்டு வாரமாக இங்கேயே நின்றுவிட்டார். எதிர்ப்பக்கம் சைக்கிள், தேசம் தேசமாகச் சைக்கிளிலேயே போகிறவள். அவள் செருப்பில் ஈரச் சேறு.

"விடியறதுக்கு முன்னாடியே எங்கயோ போயிட்டு வந்திருக்கா, மேடம்," மேசைக்காரி கிசுகிசுத்தாள். "செருப்பைப் பாருங்க."

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்," என்றாள் சைக்கிள். "ஆத்தோரம் சூரியன் வர்றதைப் பார்க்கப் போனேன். அது குத்தம்னா சூரியனையும் பிடிச்சு உள்ள போடுங்க."

டீச்சர் தன் படுக்கையில் ஒரே துணியைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். "பாவம் பொண்ணு," என்றார் யாரையும் பார்க்காமல். "இன்னிக்கு எப்படிப் போவா?"

மூணாம் மாடி லாக்கர்களைப் பார்த்தாள். பச்சைப்பையின் பூட்டு மேசையில் விற்கிற சின்னப் பித்தளைப் பூட்டு. கீறல் இல்லை, நெளிவு இல்லை. சைக்கிளின் பூட்டும் அதே வகைதான், அடையாளத்துக்கு மஞ்சள் டேப் சுற்றியிருந்தாள். டீச்சரின் லாக்கரில் கைமுட்டி அளவுக்கு ஒரு நம்பர் பூட்டு தொங்கியது.

"கடைசியா எப்போ பாஸ்போர்ட்டைப் பார்த்தே?"

"நேத்து சாயங்காலம். குளிக்கத் துண்டு எடுத்தப்போ."

"குளிக்கப் போகும்போது பூட்டினியா?"

பச்சைப்பை உதட்டைக் கடித்தாள். "பூட்டைத் திறந்தபடி கொக்கியில மாட்டிட்டுப் போனேன். எல்லாரும் அப்படித்தானே செய்வோம்? டீச்சர் இங்கதான் இருந்தாங்க. வந்ததும் அழுத்திப் பூட்டிட்டேன்."

"அப்புறம் திறந்தியா?"

"எங்க! படுக்கறப்போ சார்ஜர் எடுக்கலாம்னா சாவி சேரவே இல்ல. மட்டமான பூட்டுதானே..." மேசைக்காரியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கீழ போய்க் கட்டர் வாங்கி வெட்டிடலாம்னு கிளம்பினேன். டீச்சர்தான், விடும்மா, காலையில பார்ப்போம்னு தன் சார்ஜரைக் கொடுத்தாங்க. காலையில பார்த்தா சாவி ஜம்முனு திரும்பிச்சு."

மூணாம் மாடி தலையசைத்துவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் நின்று மெல்லக் கேட்டாள்: "அக்கா, இந்த வகைப் பூட்டு சமீபத்துல யாருக்கெல்லாம் கொடுத்தீங்க?"

"வந்த அன்னிக்குப் பச்சைப்பைக்கு. அப்புறம் சைக்கிளுக்கு. முந்தாநாள் டீச்சருக்கு. ஏன் மேடம்?"

மூணாம் மாடி படியிறங்கினாள். படிக்கட்டுக்கு அடியில் இருந்த அலமாரியைக் காட்டினாள். கிளம்புகிறவர்கள் மிச்ச ஷாம்பூ, படித்து முடித்த புத்தகம் என்று தங்களுக்கு வேண்டாததை அதில் வைப்பார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

"அறையில போய்ச் சொல்லுங்க. அலமாரியைச் சுத்தம் பண்ணப் போறேன், யாராவது எதையாவது மறந்து வச்சிருந்தா இப்பவே பார்த்துக்கோங்கன்னு. சொல்லிட்டு டீ போட வாங்க. இந்தப் பக்கம் யாரும் பார்க்க வேண்டாம்."

மேசைக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. என்றாலும் போய்ச் சொன்னாள். சமையலறையில் தண்ணீர் கொதிக்கிற சத்தத்துக்கு நடுவே படியில் காலடி ஓசை இறங்கியது, நின்றது, ஏறியது. திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. அவள் டீத்தூள் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாஸ்போர்ட் இரண்டு பழைய நாவல்களுக்கு நடுவே செருகியிருந்தது.

பச்சைப்பை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மேசைக்காரியைக் கட்டிக்கொண்டாள். டாக்சி வந்துவிட்டது. பையை மாட்டிக்கொண்டு இரண்டடி போனவள் திரும்பினாள்.

"டீச்சர்கிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு பார்த்தேன். பாத்ரூம் கதவைத் திறக்கவே மாட்டேங்கறாங்க. இத்தனை நாள் ஒண்ணாச் சாப்பிட்டோம், நம்பர்கூட வாங்கிக்கல. இது என்னோடது, கொடுத்துடுங்க. குழந்தை பொறந்ததும் போட்டோ அனுப்பணும்." ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். "வரேன், அக்கா."

டாக்சி போனது. அக்கா என்றதைக்கூட மேசைக்காரி அப்புறம்தான் கவனித்தாள்.

"இப்பவாவது சொல்லுங்க மேடம், மண்டை வெடிக்குது."

மூணாம் மாடி டீயை ஊதினாள். "சாவி ராத்திரி சேரல, காலையில சேர்ந்துச்சு. சாவி அதேதான். அப்போ ராத்திரி தொங்கினது வேற பூட்டு. உங்க டப்பாவுல இருக்கறதெல்லாம் ஒரே மாதிரி. அவ குளிக்கப் போனப்போ, திறந்து தொங்கினதை எடுத்துட்டு, தன் பூட்டைத் திறந்தபடி மாட்டியாச்சு. அப்பவே பாஸ்போர்ட்டை எடுத்திருந்தா, அறையில இருந்தவங்க மேலதான் சந்தேகம் வரும். அவளே வந்து அழுத்திப் பூட்டிட்டா. அவ தூங்கினதும் தன் சாவியால திறந்து, எடுத்து, அவ பூட்டையே திரும்ப மாட்டி அழுத்திட்டா முடிஞ்சது. பூட்ட சாவி வேண்டாமே."

"அதைச் சைக்கிளும் செஞ்சிருக்கலாமே?"

"அவ வாங்கினது ஒரே பூட்டு, டேப் சுத்தி அவ லாக்கர்லயே தொங்குது. நம்பர் பூட்டு வச்சிருக்கவங்க சாவிப் பூட்டு எதுக்கு வாங்கினாங்க? கட்டர் கொண்டு வந்து வெட்டியிருந்தா, பாஸ்போர்ட் உள்ளேயே இருந்து அவ கைக்கு வந்திருக்கும். அதைத் தடுத்தது யாரு?"

மேசைக்காரி நாற்காலியில் உட்கார்ந்தாள். "டீச்சரா? பணத்தை விட்டுட்டு பாஸ்போர்ட்டை வச்சு என்ன பண்ணப் போறாங்க?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல. அது இல்லாம இவ கிளம்ப முடியாது. அவ்வளவுதான் வேணும் அவங்களுக்கு." டம்ளரைக் கீழே வைத்தாள். "என் வேலையில கேஸ்னா கையெழுத்துப் போட்டு மூடிடுவேன். இதுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல, அக்கா."

மேசைக்காரிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஒரு பெண் நாளைக்கு அக்காவிடம் போய்ச் சேராமல் தவித்திருப்பாளே! கோபம் வந்ததுதான். ஆனால் அதற்குக் கீழே வேறொன்று கிடந்தது. கிளம்புகிற ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தி, வெயில் கொளுத்தும்போதும் 'மழை வரும்போல இருக்கே' என்று பேச்சை இழுக்கிற தன் குரல். அவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், போய்விடுவார்கள். பூட்டு வாங்கும் அளவுக்கு அவள் போனதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு டம்ளர் டீயோடு மேலே போனாள். டீச்சர் திரைக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தார். கையில் அந்தச் சின்னப் பித்தளைப் பூட்டு.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுது. அந்தப் பொண்ணோட அக்கா நாளைக்குத் தனியாக் கிடந்திருப்பா, டீச்சர்."

"அக்கா விஷயம் இன்னிக்கு அவ இங்க அழுதுக்கிட்டே சொன்னப்போதான் தெரியும். அதுக்கப்புறம் எப்படித் திருப்பிக் கொடுக்கறதுன்னு தெரியல." டீச்சரின் குரல் தரையில் கிடந்தது. "இன்னும் ஒரே ஒரு நாள் இருப்பாளேன்னுதான் எடுத்தேன்."

மேசைக்காரி காகிதத்தை நீட்டினாள். "கேட்டிருந்தா கொடுத்திருப்பா. குழந்தை போட்டோ அனுப்பணுமாம்."

டீச்சர் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு பூட்டையும் சாவியையும் மேசைக்காரியின் கையில் வைத்தார். இருவரும் டீயைக் குடித்து முடித்தார்கள். கீழே மணி அடித்தது, யாரோ புதிதாக வந்திருக்க வேண்டும். மேசைக்காரி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மழை வரும்போல இருக்கே," என்றார் டீச்சர்.

ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டடத்துக் கண்ணாடியெல்லாம் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன.

"ஆமா," என்றாள் மேசைக்காரி, "வரும்போலத்தான் இருக்கு." டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.