கண்டிப்பு எண் ஏழு

லூர்துசாமியின் ஐம்பத்திரண்டாவது பிறந்தநாளில் அவரை ஒருவர்கூடத் திட்டவில்லை. வாழ்த்துகள்தான் வந்தன. பூங்கொத்துப் படம், மெழுகுவத்திப் படம், 'நீடூழி வாழ்க அண்ணாச்சி'. காலை பதினொரு மணிவரை பார்த்தார். பிறகு, மன்றத்தை விட்டு விலகுவதாக நெறியாளர் ரோஸ்லினுக்கு எழுதினார்.

மன்றத்தின் பெயர் கும்மாங்குத்து. இணையத்தில் நாற்பதாயிரம் பேர் கூடிச் சிரிக்கும் இடம். பிறந்தநாள்காரரை அன்று முழுக்க எல்லாரும் சேர்ந்து கலாய்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பிறந்தநாள் அடி என்பார்கள். அடி விழாதவன் ஆளே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் சரிந்து விழுந்ததில் லூர்துசாமியின் வலது காலை எடுக்க வேண்டிவந்தது. அந்தப் பிறந்தநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்தது. 'அண்ணாச்சிக்கு இனி செருப்புத் தொலஞ்சா பாதிக் கவலதான்' என்று ஒருவன் எழுதியதை அவர் நர்ஸுக்குப் படித்துக் காட்டினார். அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தார்.

ரோஸ்லின் பாளையங்கோட்டையிலிருந்து திரைப்பேசியில் அழைத்தாள். அவர் சிரிக்காமல் பேசினார். போன வருடம் அடி விழாதபோது மறந்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். இந்த வருடமும் என்றால் பரிதாபப்படுகிறார்கள் என்றுதானே அர்த்தம் என்றார்.

"வாழ்த்து போடுறானுவ தங்கச்சி. செத்தவனுக்குப் போடுற மாதிரி."

அவள் அவருடைய பக்கத்தைத் தன் திரையில் திறந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு அடிகள் இருந்தன. அவர் திரையில் ஒன்றுகூட இல்லை.

நோவுமானி என்ற நிரலின் வேலை அது. உறுப்பினர்கள் எல்லாரும் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருக்கிறார்கள். நாடி, வியர்வை, மூச்சு மூன்றையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். எந்தச் சொல் யாரை எவ்வளவு குத்தும் என்று நோவுமானி கற்றுவைத்திருக்கிறது. வலியைப் பத்துக்கு இத்தனை என்று கணிக்கும். அது நெறியாளர் வைத்த கண்டிப்பு எண்ணைத் தாண்டினால், அந்தப் பதிவை அந்த ஒருவருக்கு மட்டும் காட்டாது. அவர் பெயரில் உள்ள மூடுபெட்டியில் போட்டுவிடும். மற்றவர்கள் படிப்பார்கள், சிரிப்பார்கள். எழுதியவனுக்கும் தெரியாது. அண்ணாச்சி பதிலே போடுவதில்லை, கௌரவம் வந்துவிட்டது என்று நாலு பேர் சலித்துக்கொண்டதை ரோஸ்லின் படித்திருக்கிறாள். ஏன் என்று அவள் யோசித்ததில்லை.

எண்ணை ஏழில் வைத்தவள் அவள்தான். காரணம் இருந்தது. கலைவடிவு என்ற பெண்ணின் திக்குவாயை எழுத்தில் திக்கிக் காட்டி ஒரே நாளில் எண்ணூறு பேர் சிரித்தார்கள். அவள் நான்கு நாள் சாப்பிடவில்லை. அது சிரிப்பு அல்ல, கல்லெறி. நோவுமானி வந்த பிறகுதான் திரும்ப வந்தாள். இப்போது எண்ணைக் கூட்டினால் முதல் கல் கலைவடிவின் மேல்தான் விழும்.

ரோஸ்லின் எண்ணைத் தொடவில்லை. லூர்துசாமியின் மூடுபெட்டியை மட்டும் அவருக்குத் திறந்துவிட்டாள்.

அவர் படிக்க ஆரம்பித்தார். பட்டை சிவந்தது. முகம் இறுகியது. ரோஸ்லின் பெட்டியை மூடிவிடலாமா என்று விரலை நீட்டினாள். அதற்குள் அவர் வயிறு குலுங்கியது. அடுத்ததற்கும் அப்படியே, முதலில் சிவப்பு, பிறகு சிரிப்பு. நாலாவதுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் பதிவேட்டைப் பார்த்தாள். குத்து விழ அரை நொடி. சிரிப்பு வர மூன்று நொடி. நோவுமானி அரை நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. மூன்றாவது நொடியை அது இதுவரை பார்த்ததே இல்லை. பார்க்கும்படி யாரும் அதை அமைக்கவில்லை.

விலகல் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொன்னார் லூர்துசாமி. பிறகு அன்று மாலைக்குள் முந்நூறு பேருக்குத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் ரோஸ்லின் எல்லா உறுப்பினருக்கும் அறிவிப்பு விட்டாள். உங்கள் பெயரில் ஒரு மூடுபெட்டி இருக்கிறது. சாவி இனி உங்களிடம். திறப்பதும் திறக்காததும் உங்கள் விருப்பம். கலைவடிவு திறக்கவில்லை, திறக்கப்போவதும் இல்லை என்று எழுதினாள். நல்லது என்று ரோஸ்லின் பதில் போட்டாள். அத்துடன் வேலை முடிந்தது என்று நினைத்தாள்.

ஒரு வாரம் கழித்து, கணக்குகளைச் சரிபார்க்கையில் தன் பெயரைத் தட்டினாள். அவளுக்கும் ஒரு பெட்டி இருந்தது. அவளை யாரும் கலாய்ப்பதில்லை. நெறியாளர் என்ற மரியாதை என்று எண்ணியிருந்தாள். உள்ளே நாலாயிரத்துச் சொச்சம் கிடந்தன. இரண்டு வருடமாக நாற்பதாயிரம் பேர் அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். எதற்கும் கோபிக்காத பெண் என்று அவளை மெச்சியும் இருக்கிறார்கள்.

முதல் பதிவு லூர்துசாமியுடையது. தேதியைப் பார்த்தாள். அவள் கணவன் பிரிட்டோ சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போனதற்கு மறுநாள்.

'நம்ம ரோஸ்லின் கையில சிக்காமத் தப்பிச்ச ஒரே பதிவு, அவ மாப்பிள்ளதான்.'

அதன் கீழே, ஒரு மணிநேரம் கழித்து: 'சிரிச்சியா தாயி?'

அதன் கீழே, சாயங்காலம்: 'கோவமா?'

மறுநாள் காலை: 'சரி. நான்தான் அவசரப்பட்டுட்டேன். சாப்பிடு.'

பட்டை சிவந்து மணிக்கட்டைச் சுட்டது. ரோஸ்லின் அதைக் கழற்றவில்லை. பிரிட்டோ விட்டுப்போன அந்த மாதத்தில் அவளிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை என்று நம்பித்தான் அவள் இந்த இரண்டு வருடத்தைக் கழித்திருந்தாள். ஒன்று எண்ணினாள். இரண்டு. மூன்றாவது நொடியில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை.

அடங்கியதும் அவருக்குப் பதில் எழுதினாள்: 'இப்பத்தான் சிரிச்சேன் அண்ணாச்சி.'

அது அவர் திரைக்குப் போகவில்லை. படித்தால் அவர் மனம் நோகும் என்று நோவுமானி கணித்தது. எட்டரை. அவருடைய மூடுபெட்டியில் போட்டது.

பரவாயில்லை. காலையில் எழுந்ததும் அவர் முதலில் திறப்பது அதைத்தான்.