கியர்பாக்ஸுக்கு வந்த காய்ச்சல்

இரவெல்லாம் பனியில் கிடந்துவிட்டு, காலையில் இழுவை வண்டியில் ஏறி வந்த கார் அது. பானெட்டைத் தொட்டால் விரல் விறைத்தது. ஆனால் மெக்கானிக் ரஸ்ஸல் சொருகிய ஸ்கேனர், கியர்பாக்ஸ் எண்ணெயின் சூடு முப்பத்தேழு டிகிரி என்றது.

முப்பத்தேழாம்! பட்டறைக்குள்ளேயே மூச்சு புகையாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஓடாத வண்டிப்பா," என்றார் வண்டிக்காரர் லெஸ் கார்மடி. "ஆனா கியர்பாக்ஸ் சூடுன்னு தானா லைட் எரியுது. என் பொண்டாட்டி கடைசியா ஓட்டினப்ப எரியவே இல்ல, பாரேன்."

"எலி ஒயரக் கடிச்சிருக்கும், லெஸ்."

"எலியா? இருக்கும், இருக்கும். கடைசியா இதுல கை வச்சவன் நீதானே, நீயே பாத்துச் சொல்லு. இனிமே எனக்கென்ன அவசரம்?"

எதிரிலிருந்த பெட்ரோல் பங்க் கடைக்கு டீ குடிக்கப் போனார்.

போன கோடையில் அவர் மனைவி நோரீன், கேரவனை இழுத்துக்கொண்டு, இதே விளக்கு எரிகிறதென்று இங்கே வந்தாள். எண்ணெயை ஆறவைக்கும் கூலர் முழுக்கச் செம்மண் புழுதி. கழற்றிக் கழுவ அரைநாள் பிடிக்கும். அன்றைக்கென்று ஊரில் குதிரைப் பந்தயம். சாமர்த்தியசாலி ரஸ்ஸல் என்ன செய்தான்? சென்சார் ஒயரை வெட்டி, டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சொருகினான். எண்ணெய் எவ்வளவு கொதித்தாலும் அது எண்பது என்றுதான் காட்டும். "ஜம்முனு ஓடும், போய்ட்டு வாங்கம்மா" என்று கையசைத்து அனுப்பினான், பாவி.

ஆளில்லாப் பாலைவனத்தில், ஊட்னடாட்டா பாதையின் நடுவில் கியர்பாக்ஸ் வெந்து நின்றது. வண்டி நின்றால் வண்டியை விட்டு நகராதே என்று இந்தப் பக்கம் குழந்தைக்கும் சொல்லி வளர்ப்பார்கள். அவள் நகரவில்லை. ஆள் வந்து பார்த்தபோது உள்ளேயே செத்துக் காய்ந்திருந்தாள்.

அந்த ரெசிஸ்டர் லெஸ் கண்ணில் பட்டால் ஜெயில்தான். அவர் திரும்புவதற்குள் பிடுங்கிவிட வேண்டும். ரஸ்ஸல் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் குனிந்து, டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். தீய்ந்த எண்ணெயின் நாற்றமும், அதற்கடியில் வேர்வையும் வெயில் கிரீமும் கலந்த ஒரு பெண்வாசமும் மெல்ல மெல்ல எழுந்து மூக்கை அடைக்க, பின்னால் கதவு தானாக வந்து சாத்திக்கொண்டது.

ரெசிஸ்டர் கைக்கு வந்தது. இனி ஸ்கேனர் எதையும் காட்ட வழியில்லை.

முப்பத்தொன்பது.

ஸ்கேனரின் ஒயரையே பிடுங்கி எறிந்தான். திரை அணையவில்லை. நாற்பது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முப்பத்தேழு எந்த எண்ணெயின் சூடும் இல்லை. அது உடம்புச் சூடு. ஐயோ, அது அவள் உடம்பு.

நெற்றியைத் தொட்டான். கொதித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கதவு திறக்கவில்லை. கண்ணாடியைக் குத்தினான். வெளியே லெஸ் எண்ணெய் டிரம் மேல் உட்கார்ந்து, டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"லெஸ்! கதவத் திறங்க! வேகுது!"

"வேகுதா? இங்க செம குளிரா இருக்கே."

"நான்தான் ஒயர வெட்டினேன்! தப்புதான்! திறங்க லெஸ்!"

"தெரியும்ப்பா. அவ சொல்லிட்டா. உங்கிட்டதான் கொண்டுபோகணும்னு ஒரே பிடிவாதம்."

நாற்பத்தொன்று.

வேர்வை நின்றுபோனது. தோல் இழுத்தது. குரல் வரவில்லை.

நாற்பத்திரண்டு.

பின் இருக்கையில் யாரோ நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தோல் சுருங்கிக் கறுத்த இரண்டு கைகள் அவன் தோளுக்கு மேலாக நீண்டு வந்தன. குழந்தைக்குப் போட்டுவிடுவதுபோல், பதறாமல், சீட் பெல்ட்டை இழுத்து அவன் மார்புக்குக் குறுக்கே மாட்டின.