உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு

புதன்கிழமை காலை, கோல்ஃப் மைதானத்தின் ஒன்பதாவது குழிக்குப் பக்கத்தில் சிகாபுதீன் மட்டையைக் கீழே போட்டார். அடுத்த நிமிடம் அவரும் விழுந்தார். வாயிலிருந்து எச்சில் நுரைத்து வழிந்தது. சட்டை பிழிந்தெடுக்கலாம் போல நனைந்திருந்தது. கண்ணின் கருமணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது.

"பாய்! படச்சவனே, என்ன செய்யுது பாய்?" யூசுப் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சங்கரலிங்கம் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்.

கூட ஆடிய மூவரில் பதறாதவர் பாண்டியராஜன் ஒருவர்தான். ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் அல்லவா? குனிந்து பார்த்தார், மோந்து பார்த்தார். "ஹார்ட் அட்டாக் இல்ல. பூச்சி மருந்து," என்றார். அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடினால் அவர் பாண்டியராஜன் இல்லையே! "பாய் வாயில வச்சது ஒண்ணே ஒண்ணு, அந்த எலுமிச்சைச் சாறு. கலந்து குடுத்தவ யாருன்னு ஊருக்கே தெரியும்."

மட்டாஞ்சேரி மூத்தோர் கோல்ஃப் குழு என்றால் எல்லாரும் அறுபது தாண்டிய ஆண்கள். வியாபாரிகள் பாதி, பென்ஷன்காரர்கள் மீதி. புதன்தோறும் பஜார் ரோட்டில் பாக்கியலக்ஷ்மியின் சாயாக்கடை வாசலில் இருந்து வேன் கிளம்பும். பாலம் ஏறி, வல்லார்பாடத்துத் துறைமுகக் கிரேன்கள் தெரிகிற தீவு மைதானத்துக்குப் போய், நாலு நாலு பேராகப் பிரிந்து ஆடுவார்கள். எல்லாருக்கும் சாயா; சர்க்கரை வியாதிக்காரரான சிகாபுதீனுக்கு மட்டும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, தனி பாட்டிலில். கலந்து தருபவள் பாக்கியலக்ஷ்மி. கம்பம் ஊரிலிருந்து வந்து, புருஷன் போன பிறகும் ஒற்றையாளாகக் கடையை நடத்துகிறவள். அந்தக் கடை இருக்கும் கட்டடம் மிளகு வியாபாரியான சிகாபுதீனுடையது. போன வாரம்தான் அவர் அவளைக் காலி பண்ணச் சொன்னார். "உங்க வாயில மண்ணு விழ!" என்று அவள் தெருவில் நின்று கத்தியதைப் பாண்டியராஜன் தன் காதால் கேட்டிருந்தார்.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. பூச்சி மருந்தேதான். ஆள் ஐ.சி.யு.வில். ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் ஸுப்ரியா, எதிரே நாற்காலி போட்டுப் பாண்டியராஜனை விசாரித்தாள். ஒரு காலத்தில் அவரிடம் வேலை பழகியவள்.

"சாப்பிட்டது என்ன சாரே?"

"பாய் ஒண்ணும் சாப்பிடல. ஆறாவது குழி முடிஞ்சு ஜூஸ் ரெண்டு மடக்கு. உப்பு ஜாஸ்தின்னு பாட்டிலை வேனுக்கே திருப்பிக் குடுத்து விட்டுட்டாரு."

"அப்புறம்?"

"ஏழாவது. நாங்கதான் கடைசி செட்டு. நான் முன்னாடி போனேன், என் பந்து குழியைத் தாண்டிப் போயிருந்துது. குறுக்க கிடந்த சருகு, குச்சி, சின்னக் கொடி எல்லாம் எடுத்துப் போட்டுட்டு அடிச்சேன். யூசுப், புல்லு மேல ஒரே மண்புழுன்னு முனகினான். பாய் தூரத்துல இருந்து தட்டின பந்து நேரா குழிக்குள்ள! ஒரே கைதட்டல். பாய் பந்தை எடுத்து வழக்கம் போல முத்தம் குடுத்தாரு. எட்டாவதுல வயித்தைப் பிடிச்சாரு. ஒன்பதுல விழுந்தாரு."

"பாட்டில்?"

"வேன்ல இருந்துது. காலி. யாரோ கழுவி வச்சிருக்காங்க. அதுதான் எனக்கு உறுத்துது."

ஸுப்ரியாவுக்கும் உறுத்தியது. சாயங்காலம் ஜீப் பஜார் ரோட்டில் போய் நின்றது. கரப்பான் பூச்சி மருந்து ஒரு டப்பா கடையில் கிடைத்தது. எந்தக் கடையில்தான் கிடைக்காது? கடைக்குப் பூட்டு விழுந்தது. மசாலா கோடவுன் ஆட்கள், மீன் வாங்க வந்தவர்கள், எதிர்வீட்டு வீரலட்சுமி, எல்லாரும் வேடிக்கை பார்க்க பாக்கியலக்ஷ்மி ஜீப்பில் ஏறினாள். ஏறும்போது பாண்டியராஜனைப் பார்த்தாள்.

"சார், நானா? நான் விஷம் வைக்கிறவளா?"

இருட்டுவதற்கு முன் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காலையில் மறுபடி வரச் சொன்னார்கள். அன்றைக்குப் பாண்டியராஜனுக்குச் சோறு இறங்கவில்லை. அவசரப்பட்டுவிட்டோமோ என்று ஒரு எண்ணம் உள்ளே நமநமத்தது. தப்பாகச் சொல்லி ஒருத்தியை ஏற்றிவிட்டோமோ? ஊரில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கினவனுக்கு இந்தப் பயம் கொஞ்சம் லேட்டாகத்தான் வரும்.

மறுநாள் காலை முதல் வேலையாக வேன் டிரைவர் பிச்சையைப் பிடித்தார்.

"பாட்டிலைக் கழுவினது யாரு?"

"எனக்குத் தெரியாது சார்."

"பிச்சை, ஒரு பொம்பள ஜெயிலுக்குப் போகப் போறா."

பிச்சை காது மடலைத் தேய்த்தான். "நான்தான் சார் கழுவுனேன். பாய் வேண்டாம்னு குடுத்த ஜூஸு வீணாப் போகுதேன்னு முழுசையும் குடிச்சுட்டேன். பெரியவங்க பாட்டில்ல வாய் வச்சது தெரிஞ்சா வேலை போயிருமேன்னு கழுவி வச்சேன்."

"குடிச்சியா? முழுசுமா? உனக்கு ஒண்ணும் ஆகலையா?"

"நல்லாத்தானே சார் நிக்கிறேன்! உப்பு கொஞ்சம் தூக்கல், அம்புட்டுதான்."

ஆக, சாற்றில் விஷமில்லை. இவளில்லை என்றால், வேறு யார்?

ஆஸ்பத்திரியில் சிகாபுதீன் கண் திறந்திருந்தார். குரல் தீனமாக வந்தது. "பாக்கியத்தையா பிடிச்சீங்க? பைத்தியமாய்யா உனக்கு? அவ கோபத்துல நாலு வார்த்தை கத்துவா. காலையில பாத்தா எனக்கு உப்பு போட்டுக் கலக்கிட்டிருப்பா."

"வேற எதையாவது வாயில வச்சீங்களா பாய்?"

"வெத்தலை கூடப் போடல. என் வாயில என்ன போகும்? மிளகு, சுக்கு, அப்புறம்..." அவர் நிறுத்திவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். "அந்த சனியன் பிடிச்ச பந்து."

பாண்டியராஜன் எழுந்து நின்றுவிட்டார். பிறகு நேராகத் தீவு மைதானத்துக்குப் போய், புல் பராமரிக்கும் மேஸ்திரியைத் தேடினார். மேஸ்திரி ஏழாவது குழி ஓரத்துக்குக் கூட்டிப் போய், புல்லுக்குள் கிடந்த ஒன்றை எடுத்துக் காட்டி நாலு வார்த்தை சொன்னார். பாண்டியராஜன் அதைக் கையில் வாங்கிக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பிற்பகல், ஸ்டேஷனில் எல்லாரையும் கூட்டச் சொன்னார். யூசுப், சங்கரலிங்கம், பிச்சை; பெஞ்சின் நுனியில் பாக்கியலக்ஷ்மி.

"ஸுப்ரியா, விஷம் ஜூஸ்ல இல்ல. மிச்ச ஜூஸைக் குடிச்சவன் இதோ நிக்கிறான். விஷம் புல்லுல இருந்துது. புதன்கிழமை விடியக்காலையில ஏழாவது குழியைச் சுத்திப் பூச்சி மருந்து அடிச்சிருக்காங்க. மண்புழு ஏன் மேல வந்து கிடந்துதுன்னு அப்பவே யோசிச்சிருக்கணும். மருந்து உறைச்சா அது மேல வந்துரும்."

"நாங்களும் அங்கதானே நின்னோம் அண்ணே? எங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?" யூசுப் கேட்டார்.

"நீ பந்தைத் துணியில துடைப்ப. நானும் அப்படித்தான். பாய் எதுல துடைப்பாரு?"

யூசுப் வாயைப் பிளந்தார். சிகாபுதீன் மிளகைக் கடித்தே தரம் பார்க்கிற ஆள். எதைக் கையில் எடுத்தாலும் நாக்கில் வைத்துத்தான் பார்ப்பார். பந்தையும் நக்கித் துடைத்துவிட்டு ஒரு முத்தம் கொடுத்து அடுத்த குழிக்குப் போவார். இத்தனை வருடமாக அதைக் கிண்டல் பண்ணிச் சிரித்தவர்கள் இவர்கள்.

"அப்ப தப்பு மைதானத்துக்காரங்க மேல," என்றாள் ஸுப்ரியா. "மருந்து அடிச்சா எச்சரிக்கை வைக்க வேண்டாமா?"

"வச்சாங்க. அதைப் பாத்துட்டு முன்னாடி போன செட்டு எல்லாம் ஏழாவது குழியை விட்டுட்டு எட்டாவதுக்குப் போயிருக்கு." பாண்டியராஜன் பையிலிருந்து கம்பியில் கட்டிய ஒரு சின்னச் சிவப்புக் கொடியை எடுத்து மேசையில் வைத்தார். "இதுதான் எச்சரிக்கை. என் பந்துக்குக் குறுக்க நின்னுது. ஆட்டத்துல குறுக்க இருக்கிறதை நகர்த்தலாம், அடிச்சு முடிச்சதும் திருப்பி வைக்கணும். அதுதான் முறை. சிவப்புன்னா தண்ணிப் பக்கத்து எல்லைக் கொடின்னு நினைச்சு, பிடுங்கிப் புல்லுல போட்டேன். பாய் பந்து குழிக்குள்ள விழுந்த சந்தோஷத்துல திருப்பி வைக்க மறந்துட்டேன். இவங்க வந்து சேர்ந்தப்ப அங்க கொடியே இல்ல." அவர் ஸுப்ரியா பக்கம் திரும்பினார். "சம்பவ இடத்துல எதையும் தொடாதேன்னு உனக்குச் சொல்லிக் குடுத்தது நான்தானே, ஸுப்ரியா? நேத்து உன்கிட்ட வாக்குமூலத்துல என் வாயாலயே சொன்னேன், சருகு, குச்சி, கொடின்னு. நீயும் கேக்கல. எனக்கும் உறைக்கல. பாயை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது நான்தான்."

யூசுப் தலையைக் குனிந்துகொண்டார்.

"சாரே, எழுதிக் குடுக்கணும். கேஸ் வரும்," என்றாள் ஸுப்ரியா மெதுவாக.

"வரட்டும்." அவர் பாக்கியலக்ஷ்மி பக்கம் திரும்பினார். "அம்மா, என்னை மன்னிச்சிரு."

பாக்கியலக்ஷ்மி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

"இங்க சொல்லி எனக்கு என்ன சார் பிரயோசனம்? இந்த நாலு சுவத்துக்குள்ள இருக்குறவங்களா என்கிட்ட சாயா குடிக்கப் போறாங்க? கடையில வந்து சொல்லுங்க."

போனார்கள். பஜார் ரோட்டில் ஸுப்ரியா கடைப் பூட்டைத் திறந்தாள். கோடவுன் ஆட்கள் மூட்டையை இறக்கிவிட்டு நின்றார்கள். வீரலட்சுமி வாசலுக்கு வந்தாள். பாண்டியராஜன் அந்த ஜனத்தின் நடுவே நின்றார். ஆயிரம் பேரை அதட்டிய குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பாக்கியலக்ஷ்மி எதுவும் கலக்கல. தப்பு பண்ணினவன் நான்."

"கேக்கல சார்," என்றாள் அவள், அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே. "ரோட்டுக் கடைசி வரைக்கும் கேக்கணும்."

அவர் இன்னொரு முறை சொன்னார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாவது முறை கத்தியே சொன்னார்.